தோண்டத் தோண்ட உப்பு

ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மல்லிகை நாற்று போடுகிற குடும்பம். 12 அடிக் கிணற்றில் கோடையிலும் நல்ல தண்ணீர் இருந்திருக்கிறது. நாற்று கூடியதால் போன வருடம் கிணற்றை ஒட்டியே 60 அடிக்கு போர் போட்டு, 5 எச்.பி. மோட்டார் வைத்தார். இரண்டு வாரம் நன்றாக வந்தது. பிறகு உவர்ப்பு. இப்போது பழைய கிணறும் கரிக்கிறது, நாற்றின் இலை நுனி கருகுகிறது. நூறு அடிக்கு இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று போர்க்காரர் சொல்கிறாராம். நகையை அடகு வைத்துச் செய்யலாமா என்பது கேள்வி.

செய்ய வேண்டாம். மணல் தீவில் ஆழம் கூடினால் உப்புதான் கூடும்.

இந்தக் கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்தோ ஊற்றாக வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மணலில் இறங்கி, அடியில் பரவியிருக்கும் கடல் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1000 கிராம், கடல் தண்ணீர் ஏறக்குறைய 1025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் தீவின் குடிநீரும் விவசாயமும் நிற்கின்றன. தீவின் நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பார்கள்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. நெதர்லாந்துப் பொறியாளர் கைபன் 1889-லும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் 1901-லும் தனித்தனியாக எழுதி வைத்தது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்: நீர்மட்டம் 3 அங்குலம் நிரந்தரமாக இறங்கினால், அடியிலிருந்து உப்பு 10 அடி ஏறிவிடும். அதிலும் மோட்டார் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். கடல் பக்கவாட்டில் வருகிறது என்று பலர் நினைத்திருக்க, அது காலடியிலிருந்து வருகிறது. வாசகரின் போர்க்குழாய் நுனி அந்தக் கூம்புக்குப் பக்கத்தில்போய் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் புத்தூர் அருகே நிலாவரைக் கிணறு இருக்கிறது. வற்றாத கிணறு என்று பெயர். அங்கும் மேல்தண்ணீர் நல்லது, ஆழத்தில் உப்பு. சுண்ணாம்புப் பாறை ஊரானாலும் விதி ஒன்றுதான்.

இனி செய்யவேண்டியது. போரை முதலில் நிறுத்தி, களிமண்ணும் சிமெண்டும் போட்டு அடைத்துவிட வேண்டும். திறந்து கிடந்தால் உப்பு மேலேற அதுவே வழி. பழைய கிணற்றை ஆழப்படுத்தக் கூடாது. தேவை அதிகமென்றால் 50, 60 அடி தள்ளித் தள்ளி ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகள் போதும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, படுக்கைவாட்டில் ஓட்டைக் குழாய் பதித்து ஒரு தொட்டியில் சேர்ப்பது இன்னும் நல்லது. அரை எச்.பி. மோட்டாரை காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, தொட்டியை நிரப்பி, நாற்றுக்குப் பூவாளியிலோ சொட்டுநீரிலோ விட வேண்டும். கூரைத் தண்ணீரையும் முற்றத்துத் தண்ணீரையும் கிணற்றுக்கு அருகே குழியில் இறக்கினால் வில்லை தடிக்கும். தோட்டத்து மணல்மேட்டை விற்றுவிடக் கூடாது, மழையைக் குடித்து வைப்பது அந்த மேடுதான்.

தண்ணீரை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். மின்கடத்துத்திறன் 0.7 டெசிசீமென்சுக்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் நாற்றுக்கு விடவே கூடாது, தென்னைக்கு விடலாம். பழைய கிணறு ஒரே மழையில் திரும்பாது. மணலில் தங்கிய உப்பு கழுவிப்போக இரண்டு மூன்று பருவமும் ஆகலாம். அதுவரை நாற்றுப் பைகளைக் குறைத்து, சேமித்த மழைநீரில் மட்டும் வளர்க்கலாம்.