சைக்கிள் பயணத்துக்குப் பாசஞ்சர் வண்டியின் கால அட்டவணை போதும்

நம் சங்க இதழின் சென்ற வெளியீட்டில் இளைஞர் அணியினர் ஓர் அறிவிப்புக் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் கடைசி வாரத்தில் மும்பையிலிருந்து கோவாவுக்குக் கடற்கரைச் சாலை வழியாக ஐந்து நாள் சைக்கிள் பயணம். நாளொன்றுக்கு 110 கிலோமீட்டர். வயது 18 முதல் 40 வரை. படித்ததும் மகிழ்ச்சிதான். செல்போனைத் தடவிக்கொண்டு சோபாவில் கிடக்கும் பிள்ளைகள் சைக்கிள் மிதிக்கப் புறப்படுகிறார்கள் என்றால் யாருக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? ஆனால் அந்த 110 என்ற எண்ணும் 40 என்ற எண்ணும் என் கண்ணை உறுத்தின. அறுபதைத் தாண்டியவன் பொறாமையில் எழுதுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அதில் பாதி உண்மைதான்.

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பெர்மனன்ட் வே இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவன். தண்டவாளம், ஜல்லி, ஸ்லீப்பர் இவைதான் முப்பது வருடங்களுக்கு மேலாக என் உலகம். கல்யாணுக்கு அப்பால் புஷ் டிராலியில் உட்கார்ந்து லைன் பார்த்துக்கொண்டு போவேன். டிராலிமேன்கள் தண்டவாளத்தின்மேல் ஓடித் தள்ளுவார்கள். ஓடும் மனிதனின் வேகம்தான் டிராலியின் வேகம். அந்த வேகத்தில் போனால்தான் தளர்ந்த ஃபிஷ் போல்ட் கண்ணில் படும். கூடவே வயலில் நிற்கும் கொக்கும், கேட்மேன் வீட்டு அவரைப் பந்தலும் படும். ஓய்வு பெற்ற பிறகு சைக்கிளில் ஏறியபோது, இது அதே டிராலி வேகம் அல்லவா என்று ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துக்கொண்ட கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019 டிசம்பர். நானும், கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பரும் அலிபாகிலிருந்து ரத்னகிரி வரை கொங்கண் கரையோரமாகச் சைக்கிளில் போவதென்று தீர்மானித்தோம். நண்பர் திருநெல்வேலிக்காரர். பெயர் வேண்டாம். திட்டம் போட்டது முழுக்க நான். பழக்க தோஷம், கால அட்டவணையை டைப் அடித்தே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் ஹரிஹரேஷ்வரில் புறப்பட்டு, பாக்மாண்ட்லாவில் படகேறி, ஹர்ணே, தாபோலி, தாபோள் வழியாக குஹாகர் போய்ச் சேரவேண்டும். வரைபடத்தில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஹர்ணே 10.40, தாபோலி 11.50 என்று நிமிடக் கணக்கு வேறு.

தாபோலி கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஆசூத் கிராமம் தாண்டி அந்த ஏற்றத்தில் ஏறும்போது மணி ஒன்று. எனக்கு மூச்சு வாங்கியதே தவிர வேறு தொல்லையில்லை. ஒவ்வொரு வளைவிலும் மர நிழலில் நின்று நண்பருக்காகக் காத்திருப்பேன். பத்து நிமிடத்தில் அவர் வந்து சேருவார். வந்ததும் நான், "சரி, கிளம்பலாமா?" என்று சைக்கிளில் ஏறிவிடுவேன். அதாவது எனக்குப் பத்து நிமிட ஓய்வு, அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வேகமாகப் போகிறவனுக்கு ஓய்வு மேல் ஓய்வு. மெதுவாக வருகிறவருக்கு, யாருக்கு அது அதிகம் தேவையோ அவருக்கு, பூஜ்யம். இந்த எளிய கணக்கு அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. நாலாவது வளைவில் அவர் வரவேயில்லை. திரும்பி இறங்கிப் போய்ப் பார்த்தால், சாலையோரச் செம்புரைக்கல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார். கை நடுங்கியது. பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த வழியாகத் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு டெம்போக்காரர், சைக்கிளையும் சேர்த்து ஏற்றி தாபோலியில் ஒரு டாக்டரிடம் கொண்டு விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார். நீர்ச்சத்துக் குறைவு, வேறொன்றுமில்லை என்றார் டாக்டர். மறுநாள் அரசு பஸ்ஸில் ஏறும்போது நண்பர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "வே, நீரு என்னையக் கூட்டிட்டுப் போகல, இழுத்துட்டுல்லா போனீரு." அதற்கப்புறம் அவர் சைக்கிளைத் தொடவில்லை. சங்க விழாக்களில் பார்த்தால் பேசுவோம். சைக்கிள் பேச்சு மட்டும் வராது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னாலேயே போட்டிருக்கவேண்டிய கணக்கு. ஆள் 70 கிலோ, சைக்கிள் 15, மூட்டை 8. ஆக 93 கிலோ. இதை நூறு மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 91 கிலோஜூல் வேலை. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் டயர் உரசலையும் எதிர்க் காற்றையும் சமாளிக்க ஒரு கிலோமீட்டருக்கு 13 அல்லது 14 கிலோஜூல் ஆகும். வகுத்துப் பாருங்கள். நூறு மீட்டர் ஏற்றம் என்பது ஆறேழு கிலோமீட்டர் சமதளத்துக்குச் சமம். இறக்கத்தில் அது திரும்பக் கிடைக்காதா என்று கேட்பீர்கள். பெரும்பகுதி பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடும். அன்றைய வழியில் மொத்த ஏற்றம் சுமார் 1,500 மீட்டர். ஆக நான் அட்டவணை போட்டது நூறு கிலோமீட்டருக்கு அல்ல, இருநூறு கிலோமீட்டருக்கு! வாழ்நாள் முழுக்க கிரேடியண்ட் போஸ்ட் பார்த்துக்கொண்டிருந்தவன் செய்த காரியம் இது.

கொங்கண் கரையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்தான் கடற்கரைச் சாலை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற மாதிரி தட்டையாக இருக்காது. மலையின் விரல்கள் கடலுக்குள் நீண்டிருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு கழிமுகம். சாலை விரலின்மேல் ஏறும், கழிமுகத்துக்கு இறங்கும், மறுபடி ஏறும். கொங்கண் ரயில்வே 1998 ஜனவரியில் முழுமையாகத் திறக்கப்பட்டபோது நாங்கள் வியந்தது இதைத்தான். 150 அடி போனால் ஒரு அடிக்கு மேல் ஏறக்கூடாது என்று வைத்துக்கொண்டு, அதற்காகத் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் குடைந்தார்கள். கசாரா மலைப்பாதையில் 37க்கு 1. இந்தக் கிராமச் சாலைகளிலோ சில இடங்களில் 10க்கு 1 கூட உண்டு. சைக்கிள்காரனுக்குச் சுரங்கம் கிடையாது.

ஆகவே இளைஞர் அணிக்கு என் யோசனை: கோவாவை விட்டுவிடுங்கள். மாண்ட்வாவில் தொடங்கி ரத்னகிரியில் முடியுங்கள். மொத்தம் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு எட்டு நாள் ஒதுக்குங்கள். எட்டா என்று சிரிக்கவேண்டாம். ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஏழேகால் ஆகிவிடும். ஏழுக்குப் புறப்பட்டு பன்னிரண்டுக்குள் முடித்துவிட்டால் ஐந்து மணி நேரம். அதில் டீ, பஞ்சர், ஆற்றங்கரையில் நின்று பார்ப்பது என்று ஒரு மணி கழியும். மிச்சம் நாலு மணி. ஏற்ற இறக்கத்தோடு சாதாரண ஆளுக்கு மணிக்கு 12 கிலோமீட்டர். ஆக 48. அதற்கு மேல் மிதித்தால் மத்தியான வெயில். அந்த வெயிலில் எந்த ஊரும் அழகாயிருக்காது. ஒரு நாள் முப்பது, ஒரு நாள் ஐம்பத்தைந்து என்று ஏற்றத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நடுவில் ஹர்ணேயிலோ குஹாகரிலோ ஒரு முழு நாள் சும்மா இருக்க வேண்டும். ரயில் அட்டவணையில் 'ரிகவரி டைம்' என்று ஒன்று உண்டு. கடைசி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே மட்டும் வண்டி ஏன் அரை மணி எடுக்கிறது என்று நீங்கள் எங்களைத் திட்டுவீர்களே, அதுதான். வழியில் நேர்ந்த தாமதத்தை விழுங்கிக்கொள்ள வைத்த இடம். பயணத்தில் அந்தச் சும்மா நாள்தான் ரிகவரி டைம். கோளாறு ஒன்றும் இல்லாவிட்டால் மீன் ஏலம் பார்க்கலாம். நான் சைவம், இருந்தாலும் ஹர்ணே ஏலத்தைப் பார்க்காமல் விடமாட்டேன்.

டிசம்பர் கடைசி வாரம் வேண்டவே வேண்டாம். மும்பையும் புனேயும் காரில் ஏறி அந்தக் கரைக்குத்தான் வரும். அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறும். குறுகிய சாலையில் ஹாரன் சத்தம் காதைத் துளைக்கும். ஜனவரி இரண்டாவது, மூன்றாவது வாரம் உத்தமம். வடக்கிலிருந்து தெற்கே போவதும் சரியே. அந்த மாதங்களில் பகலில் கடற்காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசுவதால் முதுகில் தள்ளும்.

நான் 2023 ஜனவரியில் மகளோடும் மருமகனோடும் இப்படித்தான் போனேன். பாவூச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் பெரிய படகு ஓடுகிறது, கார்களோடு சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள், ஒரு மணி நேரப் பயணம். அகர்தாண்டா, பாக்மாண்ட்லா, தாபோள் என்று வழியில் கழிமுகங்களைக் கடக்க 'ஜங்கல் ஜெட்டி' என்று சொல்லும் தட்டைப் படகுகள். பாக்மாண்ட்லாவில் எங்கள் கண்ணெதிரே படகு புறப்பட்டுவிட்டது. 2019ஆம் ஆண்டு என்றால் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பேன். இம்முறை கரையில் உட்கார்ந்து மகள் கட்டிவந்த அவலைத் தின்றோம். கிராமங்களில் 'கர்குதி' என்று பலகை வைத்திருப்பார்கள், வீட்டுச் சாப்பாடு, வீட்டிலேயே தங்கும் அறை. எத்தனை பேர் என்று முன்கூட்டியே போனில் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் போய் நின்றால் அடுப்பு அணைந்திருக்கும். பாக்கரியும் சோல்கடியும் மிதித்து வந்த வயிற்றுக்குத் தேவாமிர்தம். தயிர்சாதம் கேட்டால் சிரித்துக்கொண்டே சோறும் தயிரும் தனித்தனியாக வைத்துவிடுவார்கள், பிசைந்துகொள்வது நம் பொறுப்பு.

எல்லாவற்றிலும் முக்கியம் யார் எங்கே போவது என்பது. மலையேறும் கனமான ரயிலுக்குப் பின்னால் 'பாங்கர்' எஞ்சின் பூட்டுவோம். அது முன்னால் ஓடிப்போய் மலை உச்சியில் நின்று வண்டிக்காகக் காத்திருக்காது. அதுபோல, கூட்டத்தில் யார் அதிக பலசாலியோ அவர் கடைசியில் வரட்டும். பம்பு, ஸ்பேனர், உபரி டியூப், உபரித் தண்ணீர் எல்லாம் அவரிடம். மெதுவாகப் போகிறவர் முன்னால் போய் வேகத்தைத் தீர்மானிக்கட்டும். ஓய்வுக்கு நின்றால், கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் பத்து நிமிடம் எண்ண ஆரம்பிக்கவேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் கடைப்பிடித்திருந்தால் என் நண்பர் அன்று ரத்னகிரி பார்த்திருப்பார். தண்ணீர் ஆளுக்கு மணிக்கு அரை லிட்டருக்குக் குறையக்கூடாது, ஒரு சிட்டிகை உப்போடு.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. லட்ச ரூபாய் சைக்கிள் தேவையில்லை. கியர் இருக்கவேண்டும், பிரேக் பிடிக்கவேண்டும், மூட்டை முதுகில் இல்லாமல் கேரியரில் இருக்கவேண்டும். மிதி கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சீட் உயரம் சரி. புதுச் சீட்டைப் பயணத்தன்று முதல் தடவையாக ஏறி உட்கார்ந்து பார்க்காதீர்கள். அனுபவித்தவன் சொல்கிறேன், இதற்குமேல் விவரம் வேண்டாம்.

திரும்பும்போது ரத்னகிரியில் ரயில். சைக்கிளை பார்சல் ஆபீசில் லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்றலாம். பெயர், போகும் ஊர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். ஸ்டேஷன் ஊரிலிருந்து தள்ளி மேட்டில் இருக்கிறது. இரண்டு நிமிடம் நிற்கும் சிறிய ஸ்டேஷனில் பத்து சைக்கிளை ஏற்றலாம் என்று கனவு காணவேண்டாம். இடமில்லையென்று சைக்கிள் அடுத்த வண்டியில் வந்தால் கோபப்படவும் வேண்டாம்.

இளைஞர்கள் சொல்லக்கூடும்: "மாமா, சாகசம் வேண்டாமா?" 1923 அக்டோபரில் இதே பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். ஆதி ஹக்கிம், ஜால் பாப்பாசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூவர் சுற்றி முடித்து 1928 மார்ச்சில் திரும்பினார்கள். நாலரை வருடம்! அவர்கள் தினம் எத்தனை மைல் போனார்கள் என்று இன்று யாராவது கேட்கிறோமா?

அந்த 40 வயது என்ற வரம்பையும் எடுத்துவிடுங்கள். நாளுக்கு 48 கிலோமீட்டர் என்றால் நம் மாதர் அணியில் குறைந்தது ஐந்தாறு பேர் வருவார்கள், கேட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவர்களில் நான் ஒருவன். திருநெல்வேலி நண்பரையும் போனில் கேட்டேன். "யாரு முன்னால போறது?" என்றார். நீர்தான் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இளைஞர் அணிச் செயலாளர் சம்மதித்தால், பயணத்துக்கு முந்தைய நாலு ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறரை மணிக்குச் சங்க வாசலில் ஸ்பேனர் பையோடு இருப்பேன். சைக்கிளைக் கொண்டுவாருங்கள், பிரேக்கும் செயினும் பார்த்துத் தருகிறேன். அப்படியே இருபது கிலோமீட்டர் போய்விட்டு வந்து இட்லி சாப்பிடலாம்.