தரைப்பாலத்துக்கும் ஒரு கெடு வேண்டும்

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்ததில் விரிஞ்சிபுரத்திலும் மாதனூரிலும் தரைப்பாலங்கள் உடைந்தன. அடுத்த மாதமே, பாலாற்றில் கலக்கும் பொன்னையாற்றில், முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலம் சேதமடைந்தது. சென்னை - பெங்களூரு தடத்தில் ரயில்கள் ரத்தாயின. இரவு பகலாக வேலை நடந்து சில நாட்களில் மீண்டும் ஓடின. பாராட்ட வேண்டிய வேலைதான். ரயில் பாலத்துக்குக் காட்டிய அவசரம் தரைப்பாலத்துக்கு ஏன் வருவதில்லை என்பதே நம் கேள்வி.

ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். பாலாற்றின் இரு கரைக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்கள். பாலம் போனால் கம்பெனி வேன் ஊருக்குள் வராது. சுற்றிப் போகும் தூரம் அவர்கள் தூக்கத்திலிருந்துதான் கழிகிறது. அதனால்தான் இப்படி உடைகிற இடங்களில் ஊர் மக்களே மணல் மூட்டை அடுக்கி, சிமென்ட் குழாய் பதித்து, மண்ணைக் கொட்டி ஒரு பாதை போடுகிறார்கள். அடுத்த வெள்ளம் அதையும் கொண்டுபோகும். ‘மக்களே சீரமைத்தனர்’ என்று படத்தோடு செய்தி வரும். (நாமும் போட்டிருக்கிறோம்.) அந்தப் படமே அதிகாரிகளுக்குச் சாக்காகிவிடுகிறது.

கைவேலையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 1964 டிசம்பர் புயல் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்களைக் கடலில் தள்ளியது. மூழ்கிக் கிடந்தவற்றை மீனவர்கள் தேடிக் காட்ட, இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் எழுந்தது. அந்தக் கைகளுக்குப் பின்னால் ரயில்வேயின் பணமும் உத்தரவும் கெடுவும் இருந்தன. மாதனூர்க்காரர்களுக்குப் பின்னால் என்ன இருந்தது?

பாலாறு செத்த ஆறு, அதற்குத் தரைப்பாலம் போதும் என்ற நினைப்புதான் முதல் கோளாறு. 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடியில் ஏறத்தாழ இருநூறு பேரைக் கொண்டுபோனது. அதற்கு அங்கே நினைவுத் தூணே உண்டு. இன்னொரு கோளாறு நாம் செய்தது. மணலை அள்ளி அள்ளி ஆற்றுப் படுகை இறங்கிவிட்டது. பாலத்தைத் தாண்டி விழும் தண்ணீர் கீழ்ப்பக்கத்தில் குழி பறிக்கிறது, அடித்தளம் அந்தரத்தில் நிற்கிறது, பிறகு ஒரே வெள்ளத்தில் உடைகிறது. உடைந்த இடத்தில் மேலே மட்டும் கான்கிரீட் போட்டு மூடுவது ஆற்றில் கொட்டும் பணம்.

எனவே, வாகனங்கள் போகும் தரைப்பாலம் உடைந்தால் பத்து நாளில் தற்காலிகப் பாதை, இரண்டு ஆண்டுகளில் உயர்மட்டப் பாலம் என்று அரசு எழுத்தில் கெடு வைக்க வேண்டும். அதுவரை தற்காலிகப் பாதைக்கான கூலியும் குழாயும் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில் போக வேண்டும். எங்கே தண்ணீர் சுழிக்கும் என்று ஊராருக்குத் தெரியும். அவர்களைக் கேட்டுச் செய்யட்டும், ஆனால் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். பாலங்களுக்கு அருகே மணல் எடுப்பவர்கள் மீது வழக்குப் போடுவதும், குழாய்களையும் மூட்டைகளையும் இறக்கி வைப்பதும் அக்டோபருக்கு முன்பே முடிய வேண்டிய வேலைகள். வேலூர், திருப்பத்தூர் ஆட்சியர்கள் இதற்குப் புதிய அரசாணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.