தீவுக்குப் போகும் நாயும் தெருவில் திரியும் நாயும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

பாரதக் கதையின் முடிவில் தருமர் சொர்க்கத்தின் வாசலுக்கு வந்து சேருகிறார். பாஞ்சாலியும் தம்பியரும் வழியிலேயே விழுந்துவிட்டனர். கடைசிவரை உடன் வந்தது ஒரு நாய் மட்டுமே. நாய்க்கு இங்கே இடமில்லை என்கிறான் இந்திரன். அப்படியானால் எனக்கும் சொர்க்கம் வேண்டாம் என்கிறார் தருமர். பள்ளியில் இக்கதையைக் கேட்ட நாள் முதல் நான் தருமர் கட்சி. நாயைத் தடுத்த இந்திரன்மீது எனக்குத் தீராத கோபம்.

சென்ற ஆண்டு அந்தக் கோபம் சற்றுத் தணிந்தது. அதற்குக் காரணமான செய்தியைச் சொல்லவே இக்கட்டுரை.

என் தாயார் எங்கள் ஊரில் ஒரு பெரிய வீட்டில் வேலை செய்கிறார். அவ்வீட்டு மகள் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருக்கிறார். ஊருக்கு வந்திருந்தபோது, தம் நாயை ஹவாய்த் தீவுக்கு விடுமுறைப் பயணமாக அழைத்துச் சென்ற கதையை அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிரவு சோறு போடும்போது அம்மா அதை என்னிடம் சொன்னார்.

"ஏன்டா, அந்த நாய்க்கு ரெண்டு ஊசியாம், ரத்தப் பரிசோதனையாம், தோலுக்குள்ள நம்பராம். மாசக் கணக்கா காகிதத்தைத் தூக்கிட்டு அலைஞ்சாங்களாம்."

எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தேர்வுக் கட்டணம் கட்ட அம்மா யாரிடம் கைநீட்டினார் என்பது எனக்குத் தெரியும். "பணக்காரர் வீட்டு நாய்க்கு விமானம், நமக்கு டவுன் பஸ்ஸுக்கே சில்லறை இல்லை" என்று மேடைப் பேச்சுப் போல ஆரம்பித்தேன். அம்மா குறுக்கிட்டார்.

"அந்த ஊசியில ஒண்ணை எந்தம்பியைக் கடிச்ச நாய்க்கும் போட்டிருந்தா, உனக்கு இன்னிக்கு ஒரு மாமன் இருந்திருப்பான்டா."

அந்த மாமாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஒன்பது வயதில், தெருநாய் கடித்து இறந்தவர் அவர். காயத்தில் சுண்ணாம்பு வைத்தார்கள்; மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள். சில வாரங்கள் கழித்துத் தண்ணீர்ச் செம்பைக் கண்டு அவர் அலறியதை அம்மா இன்றும் முழுதாகச் சொல்வதில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மாவுக்குத் தோன்றியது, விலங்கியல் படிக்கும் எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கினேன். மறுநாளே நூலகத்துக்குப் போய் ஹவாய்த் தீவின் விதிகளைத் தேடிப் படித்தேன்.

ஹவாய், பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள தீவுக் கூட்டம். அமெரிக்க மாநிலங்களுள் வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், இல்லாத ஒரே மாநிலம் அதுதான். 1912ஆம் ஆண்டிலேயே அங்கு நாய்களைத் தனிமைப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் நாய் 120 நாட்கள் கூண்டில் காவலில் இருக்க வேண்டும். நெடுங்காலம் அப்படியே இருந்த இவ்விதி 1997இல் 30 நாட்களாகவும், 2003இல் ஐந்து நாட்கள் அல்லது அதற்கும் குறைவாகவும் தளர்ந்தது. எல்லா நாய்களுக்கும் அன்று. செய்ய வேண்டியதையெல்லாம் வீட்டிலிருந்தே செய்துவிட்டு வரும் நாய்களுக்கு மட்டும்.

செய்ய வேண்டியவை யாவை? நாயின் தோலுக்கடியில் அரிசி மணி அளவில் ஒரு மைக்ரோசிப் பொருத்த வேண்டும். இந்த நாய்தான் அந்த நாய் என்பதற்கு அது சாட்சி. ரேபிஸ் தடுப்பூசி இருமுறை போட வேண்டும். இரண்டுக்கும் இடையே குறைந்தது 30 நாள் இடைவெளி வேண்டும். பிறகு இரத்தப் பரிசோதனை. ஊசி போட்டேன் என்று சொன்னால் போதாது. ஊசி வேலை செய்திருக்கிறது என்று இரத்தம் சொல்ல வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அளவுக்காவது எதிர்ப்புப் பொருள் இருக்க வேண்டும். இரத்தம் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் 30 நாட்கள் பொறுக்க வேண்டும். புறப்படுமுன் உண்ணி மருந்து, மருத்துவச் சான்றிதழ். இத்தனையும் சரியாக இருந்தால் ஹொனலூலு விமான நிலையத்திலேயே நாயை ஒப்படைப்பார்கள். தவறினால் பழைய 120 நாள் காவல் இன்றும் காத்திருக்கிறது.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பழமொழி. ஹவாயில் மருந்து முடிந்த பிறகுதான் விருந்து!

இரத்தம் நன்றாக இருந்தும் ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்கலாம். ரேபிஸ் கிருமி உடலில் புகுந்த உடனே நோய் தெரிவதில்லை. நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறுகிறது. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை நாய் வாலாட்டும், விளையாடும். "எங்கள் நாய் நல்ல நாய்" என்ற நற்சான்றிதழ் கிருமியிடம் செல்லாது. ஊசிக்கு முன்பே கிருமி புகுந்திருந்தால், அதைக் காட்டிக்கொடுப்பது காலம் ஒன்றே.

ஒரு தீவுக்கு இவ்வளவு அச்சம் எதற்கு? அதற்கும் காரணம் உண்டு. ஹவாயில் இன்று வாழும் இயற்கையான தரைவாழ் பாலூட்டி ஒரு வௌவால் இனம் மட்டுமே. முதல் நாய்கள் பாலினீசிய மக்களின் படகில் ஏறி வந்தவை. பின்னர் ஒவ்வொரு கப்பலும் ஏதேனும் ஒன்றை இறக்கிவிட்டுச் சென்றது. 1826இல் ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாயோடு கொசு வந்திறங்கியது. அது பரப்பிய பறவை மலேரியா அத்தீவுகளுக்கே உரிய சிறு பறவை இனங்கள் பலவற்றை அழித்தது. 1883இல் கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க ஜமைக்காவிலிருந்து கீரியைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கீரி ஜமைக்காவுக்குப் போனது நம் இந்தியாவிலிருந்துதான். எலி ஒழியவில்லை, தரையில் முட்டையிடும் பறவைகளின் முட்டைகள் ஒழிந்தன. போர்ட்டோ ரிக்கோ தீவில் இன்று ரேபிசைச் சுமந்து திரிவது இதே கீரி இனம். நோயுற்ற ஒரு நாய் ஹவாயில் ஒரு கீரியைக் கடித்துவிட்டால், பிறகு காடு முழுவதும் தடுப்பூசியைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது?

ஆகவே விருந்தாளியைப் பார்த்துத் தீவு அஞ்சவில்லை. விருந்தாளியின் மூட்டையில் ஒளிந்து வருவதைப் பார்த்தே அஞ்சுகிறது. 2020இல் கொரோனாக் காலத்தில், வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரரைத் திண்ணையிலேயே நிறுத்திய நமக்கு இது புரியாததன்று.

இவ்விதிகளை எதிர்ப்பவர்களும் உண்டு. அவர்களுடைய வாதம் ஒன்றில் நியாயம் இருந்தது. கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாயை 120 நாட்கள் கூண்டில் அடைத்தால், அத்தனை நாட்கள் அவர்களுடைய கண்ணையே அடைத்ததாகும் அன்றோ? அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 1996இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுடைய முறையீட்டில் பொருளுண்டு என்று கண்டது. இன்று தடுப்பூசியும் இரத்தப் பரிசோதனையும் சரியாக உள்ள வழிகாட்டி நாய்களுக்குத் தனிமைக் காவல் இல்லை. சட்டம் மனிதனுக்காக வளைந்தது. ஊசியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. நல்ல சட்டத்துக்கு இது எடுத்துக்காட்டு என்பேன்.

இன்னொரு வாதம், பாவம் வாயில்லாப் பிராணியை இப்படி வதைக்கலாமா என்பது. அவர்களை நான் ஒன்று கேட்கிறேன்: ஒரு வாரச் சுற்றுலாவுக்கு நாயைக் கூட்டிச் செல்வது நாயின் மகிழ்ச்சிக்காகவா, நம் மகிழ்ச்சிக்காகவா? கடல்மீது ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் கூண்டு. இறங்கினால் வெயிலில் காய்ந்த மணல். நாய்க்கோ உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். புல்வெளியில் 1932இல் கொண்டுவரப்பட்ட பெருந்தேரைகள். வாயில் கவ்விய நாய் நஞ்சேறித் துடிக்கும். ஓடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கடற்கரை வளைகளில் பறவைக் குஞ்சுகள். அவிழ்த்துவிட்ட நாய்க்கு அவை இரை. குடிபெயர்ந்து போகிறவர்கள் நாயை அழைத்துச் செல்லட்டும், அது கடமை. நாலு நாள் கடல் பார்க்கப் போகிறவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுச் செல்வதே அன்பு என்பது என் கருத்து.

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நண்பர்கள் கேட்கலாம். நம் நாட்டிலும் இலட்சத்தீவும் அந்தமான் நிக்கோபார் தீவுகளும் ரேபிஸ் இல்லாத பகுதிகள். இலட்சத்தீவுக்கு நாயைக் கொண்டுசெல்லவே அனுமதியில்லை. ஆனால் நாம் வாழ்வது தீவிலன்று. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 59,000 பேர் ரேபிசால் இறப்பதாகவும், அவர்களில் 36 விழுக்காட்டினர் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மனிதருக்கு வரும் ரேபிசில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்கள் வழியே வருகிறது.

லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றினார். நம் குன்னூரில் 1907இலேயே பாஸ்டர் நிலையம் எழுந்தது. அப்படியிருந்தும் என் மாமா இறந்தார். குறை அறிவியலில் இல்லை. அது எங்கள் தெருவுக்கு வந்து சேராததில் இருக்கிறது. ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள். ஹவாய்க்குப் போகும் ஒரு நாய்க்குச் செய்வதில் பத்தில் ஒரு பங்கு, தெருவில் திரியும் நாய்க்குச் செய்தால் போதும்.

எங்கள் வீட்டு வாசலில் மணி என்றொரு நாய் உண்டு. யாரும் வளர்க்கவில்லை, எல்லோரும் சோறு போடுகிறோம். சென்ற மாதம் அதைச் சாக்கு விரித்த கூடையில் உட்காரவைத்து, சைக்கிளில் கட்டி, ஆறு கிலோமீட்டர் தள்ளியுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டேன். வழியெல்லாம் சிரித்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. மணிக்கு அன்று வழக்கத்தைவிட ஒரு பிடி சோறு அதிகம் விழுந்தது.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஆண்டுதோறும் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். வரும் ஆண்டு செப்டம்பர் 28, உலக ரேபிஸ் நாளன்று, கால்நடை மருத்துவரை அழைத்து முகாம் கிராமத்து நாய்களுக்கு ஊசி போடுவோம். கடிபட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், உடனே அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்வோம். பழைய வயிற்று ஊசி 2004இலேயே நின்றுவிட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள் என்பதையும் மறக்காமல் சொல்வோம். அந்தப் பயத்தில்தான் எங்கள் வீட்டில் ஓர் உயிர் போயிற்று.

நாயை விட்டுவிடாத தருமரின் அன்பும் வேண்டும். வாசலில் நின்று கேள்வி கேட்கும் இந்திரனின் காவலும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால் எந்த வீட்டிலும் ஒன்பது வயதுப் பிள்ளை தண்ணீரைக் கண்டு அலற வேண்டியதில்லை.