"நல்ல ஏரியா" யாருடைய நிலம்?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரில் வீடு வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். 'உலகக் குதிரைகளின் தலைநகரம்' என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர் இது. நகரத்தைத் தாண்டினால் புல்வெளி, மைல் கணக்கில் மரவேலி, மாளிகை போன்ற குதிரை லாயங்கள். இங்குள்ள தமிழ் நண்பர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நல்ல ஏரியாவா பாருங்க."

அந்தச் சொல்லின் பொருள் சென்னையில் வாடகைக்கு வீடு தேடிய தலித்துக்குத் தெரியும். அங்கே "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வரலாறு ஏற்கெனவே கேட்டு முடித்துவிட்டது.

இந்தக் குதிரைப் பண்ணைகளை உருவாக்கியது அடிமைகளின் உழைப்பு. கென்டக்கியில் அடிமைமுறை 1865 டிசம்பரில்தான் முடிந்தது. அதை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தத்தை இந்த மாநிலம் ஏற்று ஒப்புதல் அளித்தது 1976இல்! விடுதலையான மக்களுக்குப் பண்ணை முதலாளிகள் சிலர் தங்கள் நிலத்தின் ஓரத்தில் சிறு சிறு மனைகளை விற்றார்கள். கருணையால் அல்ல, வேலைக்கு ஆள் பக்கத்திலேயே வேண்டும். இப்படிப் பிறந்தவைதான் மேடக்ஸ்டவுன், கேடன்டவுன் போன்ற கறுப்பர் குடியிருப்புகள். வயலுக்கு அருகில், ஊருக்கு வெளியே என்ற சேரியின் கணக்கு நமக்குப் புதிதா என்ன?

1875இல் நடந்த முதல் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ஓடிய 15 குதிரைகளில் 13ஐ ஓட்டியவர்கள் கறுப்பர்கள். வென்றவர் ஆலிவர் லூயிஸ். ஐசக் மர்ஃபி மூன்று முறை வென்றார். பந்தயத்தில் பணமும் புகழும் பெருகியதும் வெள்ளையர்கள் அவர்களை வெளியேற்றினார்கள். 1902இல் ஜிம்மி விங்க்ஃபீல்டுக்குப் பிறகு டெர்பியை வென்ற கறுப்பின ஜாக்கி யாருமில்லை. புகழ்பெற்ற 'மேன் ஓ வார்' குதிரையைப் பராமரித்த வில் ஹார்பட், மேடக்ஸ்டவுன்காரர். இன்று அந்தக் குதிரையின் பெயரில் நகரில் பெருஞ்சாலை இருக்கிறது.

நிலமும் அப்படித்தான். கறுப்பருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். வீட்டு வேலைக்காரராக மட்டும் தங்கலாம் என்று விலக்கு கொடுத்த பத்திரங்களும் அமெரிக்காவில் ஏராளம். 1948இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்றது. 1968இல்தான் வீட்டு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. நானும் நண்பர்களும் இன்று இங்கே வீடு வாங்க முடிகிறதென்றால், அது கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற உரிமை. அதை அனுபவித்துக்கொண்டே கறுப்பர்கள் வாழும் தெருவை 'மோசமான ஏரியா' என்பது நன்றிகெட்டத்தனம் மட்டுமல்ல, அச்சு அசல் சாதிப்புத்தி.

இப்போது எல்லாம் 'பாரம்பரியம்' என்ற பெயரில் நடக்கிறது. நகரம் பரவாமலிருக்க 1958இலேயே எல்லை வகுத்தார்கள். அதற்கு வெளியே புதிய மனை என்றால் குறைந்தது 40 ஏக்கர். பண்ணை நிலத்தைக் கட்டடமாக மாற்றாமலிருக்க உரிமையாளருக்குப் பொதுப் பணமும் தருகிறார்கள். விளைநிலம் காக்கப்பட வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 40 ஏக்கர் யாரால் வாங்க முடியும்? லாயத்தில் சாணி அள்ளுபவராலா? கேடன்டவுனைச் சுற்றி நகரம் வளர்ந்து மூடிவிட்டது. முதலாளியின் புல்வெளி பாரம்பரியம் என்றால், தொழிலாளியின் குடியிருப்பு ஏன் அதே அளவுக்குப் பாரம்பரியம் இல்லை?

பஞ்சமி நிலம் எங்கே போனது என்று கேட்கும் நாம், கடல் தாண்டியதும் அந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. வீடு வாங்கும் தோழர்களே, பழைய பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பண்ணை நிலத்தைக் காக்கச் செலவிடும் பொதுப் பணத்தில் கறுப்பர் குடியிருப்புகளுக்கும் பங்கு வேண்டும் என்று நகர மன்றத்தில் கேளுங்கள். முதலில், "நல்ல ஏரியா" என்று சொல்வதை நிறுத்துங்கள்.