சிபாரிசு ரசிகர்கள்

குன்னூர் பஸ் நிலையத்தருகே டீக்கடையில் எஸ்டேட் குமாஸ்தாவின் மகன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "பிங்க் ஃபிளாய்டு கேளுங்க சார். 1973-லே வந்த 'டார்க் சைட் ஆஃப் தி மூன்'. அதைக் கேட்காதவன் மனுஷனே இல்லை!"

"அதிலே உனக்குப் பிடித்த இடம் எது, தம்பி?"

"இன்னும் முழுசாக் கேட்கலே சார். அடுத்த வாரம் வேறொரு புது ஆல்பம் வருது, அதுக்குக் காத்திருக்கேன்."

இதை ரசனை என்று நான் ஒப்பமாட்டேன். காத்திருப்பதில் நானும் சளைத்தவனல்லன். 'கன்ஸ் அண்ட் ரோசஸ்' குழு 1993-க்குப் பிறகு அடுத்த ஆல்பத்தை 2008-ல்தான் தந்தது. அந்த 15 வருஷமும் பழைய காஸெட்டையே நாடா தேயத் தேயக் கேட்டோம். சிக்கினால் பென்சிலால் சுற்றினோம். இரவல் போனது திரும்புமோ என்ற பயத்தில், நாலு தரம் கேட்டுத் தேறியதையே சிபாரிசு செய்தோம். (புது ஆல்பம் ஏமாற்றந்தான், போகட்டும்.) இப்போது விரல் பட்டால் சிபாரிசு பறக்கிறது. காசும் பயமும் இல்லாத சிபாரிசுக்குக் காது எதற்கு?

இதே மலையில் கோத்தர்கள் 'கொள்' என்ற குழலை ஊதுகிறார்கள். தேதி அறிவித்து வெளியாகும் சங்கீதமல்ல அது. ஆகையால் எவனும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. நாற்பது தாண்டிய பிறகு, வேறு காரியமாகக் கோத்தகிரிக்குப் போன இடத்தில் கேட்டேன்.