நனைந்ததை மேலே வையுங்கள்: ஒயில் பில்டர் விற்கும், வாங்கும் நம்மவர்களுக்கு

 

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. நம் பொடியன்மார் பைக்கில் டூர் போகப் பெயர் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஊர் வட்ஸ்அப் குரூப் ஒன்றில் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நுவரெலியா போறம், ஒயில் பில்டர் எது போடலாம்?" அதற்கு வந்த பதில்களை எல்லாம் வாசித்தேன். இரண்டே கட்சிதான். ஒரு கட்சி "ஜெனுயின் தவிர எதையும் தொடாதே" என்கிறது. மற்றக் கட்சி "எல்லாம் ஒரே கடதாசிதான், மலிவானதைப் போட்டுட்டுப் போ" என்கிறது.

இரண்டும் பிழை. இரண்டு கட்சியும் பேசாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொன்னால் நம் ஊர்க் கடைக்காரர் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன்.

போன வருடம் என் தங்கச்சியின் மகன் கூட்டாளிமாரோடு கண்டிக்குப் போக வெளிக்கிட்டான். 150 சிசி பைக். சேர்விஸ் செலவை நான் பார்க்கிறேன் என்று சொல்லி, பில்டரையும் நானே போய் வாங்கினேன். கடையில் மூன்று விதம் எடுத்து வைத்தார்கள். ஆகக் குறைந்த விலைப் பெக்கட்டிலும் பைக் கம்பனியின் பெயர்தான் இருந்தது. "இது ஏன் விலை குறைவு?" என்று கேட்டேன். "பழைய ஸ்டொக் சேர், பழைய விலை" என்றார். நானும் இருநூற்றுச் சொச்சம் மிச்சம் என்று சந்தோசமாக வாங்கி வந்தேன்.

மஹியங்கனை தாண்டி 18 வளைவு ஏறும்போதே ஹெட் பக்கம் டிக் டிக் என்று சத்தம் வந்திருக்கிறது. பொடியன்மார் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது, மஹா ஓயா பக்கம், மஹ்ரிபுக்குப் பிறகு, யானை இறங்கும் ரோட்டில் பைக் நின்றுவிட்டது. லொறி ஒன்று கிடைத்து வீடு வந்து சேர நடுச்சாமம். அதுவரை என் தங்கச்சி தஸ்பீஹும் கையுமாக வாசலில் இருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த நாள் பாஸ் பில்டர் மூடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கடதாசி மடிப்பு அதன் தட்டில் இருந்து கழன்று, கசங்கி, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கிழிந்த துண்டு ஹெட்டுக்கு ஒயில் போகும் வழியில் அடைத்திருந்தது. கேம் ஷாப்டும் ரொக்கரும் தேய்ந்து போய்விட்டன. பில் என் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. இருநூற்றுச் சொச்சம் மிச்சம் பிடித்த கதை இதுதான்.

மனம் கேட்கவில்லை. அதே மலிவுப் பெக்கட் ஒன்றும், ஏஜென்டிடம் இருந்து ஜெனுயின் ஒன்றும், பெயர் தெரிந்த வெளிக் கம்பனி ஒன்றினுடையதும் வாங்கி, மூன்றையும் வெட்டி மேசையில் விரித்தேன். ஜெனுயினுக்கும் வெளிக் கம்பனிக்கும் என் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் மடிப்பு நெருக்கமாக, ஒரே அளவில் இருந்தது. பசை சுற்றிவரப் பிடித்திருந்தது. றப்பர் மெதுவாக இருந்தது. மலிவுப் பெக்கட்டில் மடிப்பு குறைவு, ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் அகலம். பசை பாதி வட்டத்தில்தான் இருந்தது. கையால் இழுக்கத் தட்டு கழன்று வந்தது.

இப்போது விளங்குகிறதா? ஜெனுயினா வெளிக் கம்பனியா என்பது இங்கே சண்டையே இல்லை. தன் பெயரைப் போட்டு விற்பவனா, அடுத்தவன் பெயருக்குள் ஒளிந்து விற்பவனா என்பதுதான் கேள்வி.

"ஜெனுயின் மட்டும்தான்" என்று சொல்லும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பைக் கம்பனிகள் பெரும்பாலும் பில்டரைத் தாங்களே செய்வதில்லை. பில்டர் செய்வதையே தொழிலாகக் கொண்ட கம்பனிகளிடம் செய்வித்துத் தங்கள் பெட்டியில் போடுகின்றன. மாலே, பொஷ், ஹைப்ளோபில்ட்ரோ, கே அண்ட் என் போன்றவர்கள் தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள். அவற்றை எல்லாம் "டூப்ளிகேட்" என்று ஒரே வாயால் சொல்வது அநியாயம். அதைவிட, அந்தப் பேச்சுத்தான் கள்ளப் பெக்கட்காரனுக்கு வாழ்வு கொடுக்கிறது. கம்பனிப் பெயர் இருந்தால் போதும் என்று நாமே சனத்துக்குப் படிப்பித்துவிட்டோம். அவன் அந்தப் பெயரையே அச்சடித்துவிட்டான்.

"எல்லாம் ஒரே கடதாசி" என்று சொல்லும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. காரில் எஞ்சின் ஒயில் வேறு, கியர் ஒயில் வேறு. நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினும் கியரும் கிளச்சும் ஒரே ஒயிலில்தான் முங்கிக் கிடக்கின்றன. கிளச் தட்டின் தூளும் கியர் பல்லின் இரும்புத் தூளும் அந்த ஒரு லீட்டர் சொச்சம் ஒயிலுக்குள்தான் விழுகின்றன. பில்டர் பிடிக்க வேண்டிய துகள்கள் பத்து இருபது மைக்ரோன் அளவானவை. மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரோன் தடிப்பம். ஆகவே கண்ணால் பார்த்து "ஒயில் சுத்தமாத்தானே இருக்கு" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் ஓடும் பைக் கெட்ட பில்டரோடும் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும். டூர் அப்படியல்ல. பின்னால் ஒருவர், பக்கத்தில் பை, முன்னால் மலை, இரண்டாம் கியரில் ஒரு மணித்தியாலம். காற்றால் குளிரும் எஞ்சினில் ஒயில் நன்றாகச் சூடேறும். மட்டமான பசை விடுவதும், மட்டமான றப்பர் இறுகுவதும் அந்தச் சூட்டில்தான்.

இனிக் கடைக்காரர்களிடம் வருகிறேன்.

ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அந்த ஹதீஸ் மத்ரசா போன எல்லோருக்கும் தெரியும். ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. சனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். அதன் பிறகு அவர்கள் சொன்ன கடைசி வார்த்தையை நான் எழுதத் தேவையில்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கவனியுங்கள். நனைந்த தானியத்தை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. மறைக்காதே என்றுதான் சொல்லப்பட்டது. மலிவு பில்டர் விற்பது ஹராம் என்று நானும் சொல்லவில்லை. "காக்கா, இது இன்ன இடத்துச் சாமான், பெயரில்லாதது, தூரப் பயணத்துக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லி விற்றால் உங்கள் கடமை முடிந்தது. "பழைய ஸ்டொக், பழைய விலை" என்று சொன்னால் அது ஈரத்தை உள்ளே வைத்து மூடியது. ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் இருந்தாலும் அது அதுதான்.

"ஏழைக்கு மலிவுச் சாமான் வேணும் சேர்" என்று சொல்வீர்கள். உண்மை. மீன் விற்கும் காக்காவுக்கும் வயலுக்குப் போகும் தம்பிக்கும் ஒவ்வொரு ரூபாயும் கணக்கு. அப்படியானால் பெயருள்ள வெளிக் கம்பனி பில்டரைக் காட்டுங்கள், அதுவும் பல நேரம் ஜெனுயினை விட மலிவுதான். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்தக் காலம் முழுக்கப் பழைய பைக்கை வைத்துத்தான் நம் சனம் உழைத்தது. இன்றும் அதே பைக்கில்தான் பலருக்குச் சோறு. அந்த எஞ்சின் போனால் அவருக்கு இன்னொன்று இல்லை.

"எங்களுக்கே தெரியாது, கொழும்பில் இருந்து வருவதைத்தான் விற்கிறோம்" என்பீர்கள். சிலருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஏஜென்ட் விலையில் மூன்றில் ஒன்றுக்கு ஒரு "ஜெனுயின்" உங்கள் கைக்கு வரும்போது, முப்பது வருட வியாபாரிக்கு அது ஏன் என்று விளங்காதா? கொடுப்பவரிடம் பில் கேளுங்கள். பில் தர மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

இனி வாங்குபவர்களுக்கு. நம்மில் ஒரு வருத்தம் உண்டு. எல்ஈடி லைட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்போம், சைலன்சர் மாற்றுவோம், டாங்கி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுவோம், பில்டருக்கு வரும்போது "ஆகக் குறைஞ்சது என்ன விலை?" என்று கேட்போம். பொய்யைக் கேட்டு வாங்குபவர்களும் நாம்தான். நானும் அதில் ஒருவன்.

ஆகவே நான் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்:

1. உங்கள் பைக்கில் என்ன வகை என்று முதலில் பாருங்கள். சின்ன எஞ்சின்கள் பலவற்றில் கடதாசி பில்டரே இல்லை. கம்பி வலையும், சுற்றிச் சுற்றி அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். அதைக் கழுவினால் போதும். மற்றவற்றில் மூடிக்குள் போடும் கடதாசி எலிமெண்ட், அல்லது வெளியே திருகிப் பூட்டும் டின் பில்டர் இருக்கும்.

2. உருவத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே அளவு, ஒரே புரியாக இருந்தாலும் உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வு வேறு அழுத்தத்தில் திறக்கலாம். அது முன்கூட்டியே திறந்தால் வடிகட்டாத ஒயில்தான் எஞ்சினுக்குப் போகும். வெளிக் கம்பனியின் இணையத்தளத்தில் உங்கள் பைக் மொடலைப் போட்டால் இலக்கம் வரும். பெட்டியில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள்.

3. "10 மைக்ரோன்" என்று பெட்டியில் பெரிதாக இருந்தால் மயங்க வேண்டாம். ஒரு பிள்ளை 40 புள்ளி எடுத்தால் ஐம்பதுக்கா நூறுக்கா என்று கேட்போம் அல்லவா? அதுபோல 10 மைக்ரோன் துகளில் எத்தனை வீதத்தைப் பிடிக்கிறது என்று கேட்க வேண்டும். அதைச் சோதிக்க ஐஎஸ்ஓ 4548-12 என்ற முறை இருக்கிறது. நல்ல கம்பனி அப்படிச் சோதித்த கணக்கைச் சொல்லும்.

4. எலிமெண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மடிப்பு ஒரே சீரா? பசை முழுவட்டமா? றப்பர் மெதுவா? அச்சு தெளிவா, எழுத்துப் பிழை உண்டா? செய்தவர் பெயரும் நாடும் இருக்கிறதா?

5. கழுவிக் கழுவிப் போடும் ஸ்டீல் வலை பில்டரை ஒன்லைனில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். மலிவானவற்றின் கண் கடதாசியை விடப் பெரிது. கழுவும்போது கிழிந்தாலும் தெரியாது.

6. சில எலிமெண்ட்களில் "அவுட் சைட்" என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கம் மூடியைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஒயில் ஓட்டம் தடைப்படும், நல்ல பில்டரும் எஞ்சினைக் கொல்லும். டின் பில்டர் என்றால் பழைய றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, புதியதன் வளையத்தில் ஒயில் தடவி, கையால் இறுக்குங்கள். சிலவற்றின் தலையில் உள்ள நட் கழற்றுவதற்கு மட்டும்தான்.

7. டூர் போகும் காலையில் பில்டர் மாற்றாதீர்கள். ஒரு கிழமைக்கு முன் மாற்றி, ஐம்பது நூறு கிலோமீற்றர் ஊருக்குள் ஓடி, கசிவு, சத்தம், ஒயில் மட்டம் மூன்றையும் பாருங்கள். ஒயிலும் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டதாக இருக்கட்டும். கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கலாம்.

8. பில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் பெக்கட்டையும் பழுதான பில்டரையும் எறியாமல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது. நான் அன்று பில் வாங்கவில்லை. அதனால்தான் அந்தக் கடை வாசலில் நின்று பேச என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியாக வர்த்தக சங்கத்துக்கும் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய கூட்டம், பேனர் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலும் மூன்று தட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒன்று ஜெனுயின், ஒன்று பெயருள்ள வெளிக் கம்பனி, ஒன்று பெயரில்லாத மலிவு. ஒவ்வொன்றிலும் என்னவென்று தமிழில் எழுதி ஒட்டட்டும். வாங்குபவர் தெரிந்து வாங்கட்டும். மலிவுத் தட்டில் எடுப்பவரும் தெரிந்து எடுக்கட்டும்.

அப்படி எழுதி ஒட்டும் முதல் கடை எதுவோ, அதன் பெயரை இதே பக்கத்தில் நானே எழுதுகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளின் வாப்பாமாருக்கும் அங்கே போகச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

கண்டி போகும் பிள்ளைகளே, ஹெல்மட்டைப் போடுங்கள், இருட்டுக்கு முன் காட்டு ரோட்டைத் தாண்டுங்கள். உம்மாமார் வாசலில் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

வஸ்ஸலாம்.