லாபம் அவர்களுக்கு, பந்தோபஸ்துச் செலவு நமக்கா?

பந்தாட்டம் நமக்கு அந்நியமானதல்ல. போடி மெட்டு ஏறி மூணாற்றுத் தேயிலைக் காட்டில் குடியேறிய நம் ஜனங்கள் 1941 முதல் அங்கே ஃபின்லே கோப்பைக்காகக் கால்பந்து ஆடி வந்திருக்கிறார்கள். கோப்பையைக் கொடுத்தது வெள்ளைக்காரக் கம்பெனி. ஓடிய கால்கள் தோட்டத் தொழிலாளியின் கால்கள். பெரியகுளத்திலோ கோடை வந்தால் கூடைப்பந்துப் பந்தயம். வெளிமாநில அணிகளும் வந்து ஆடுகின்றன. ஆகவே விளையாட்டுக்கு விரோதமாக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் கேள்வி ஒன்றுதான். ஆட்டத்துக்குப் போலீஸ் பந்தோபஸ்து போட்டால் அந்தச் செலவை யார் ஏற்பது?

நம் நாட்டில் கால்பந்தைவிடக் கிரிக்கெட்டில்தான் காசு புரள்கிறது. எனவே பம்பாயில் நடந்ததைப் பாருங்கள். ஐ.பி.எல். ஆட்டங்களுக்கு நின்ற போலீசுக்காகக் கட்ட வேண்டிய கட்டணத்தைக் கிரிக்கெட் சங்கம் வருஷக் கணக்கில் பாக்கி வைத்தது. 14 கோடி ரூபாய்க்கு மேல் நிலுவை. மகாராஷ்டிர சர்க்கார் என்ன செய்தது? 2023 ஜூனில் 20 ஓவர் ஆட்டம் ஒன்றுக்கான கட்டணத்தை 10 லட்சமாகக் குறைத்தது. அதோடு நிற்கவில்லை, அந்தச் சலுகையை 2011 வரை பின்னோக்கி இழுத்துக் கொடுத்தது! அதற்கு முந்தின வருஷம், 2022-ல்தான் ஐந்தாண்டு ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிருந்தது. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போனபோது, 2024-ல், நீதிபதிகளே கேட்டார்கள்: குடிசைவாசிக்குத் தண்ணீர் வரியை ஏற்றிக்கொண்டே போகிறீர்கள், உலகத்திலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியத்துக்கா தள்ளுபடி என்று.

நம் ஊரில் வீட்டு வரி பாக்கியிருந்தால் ஒரு காகிதத்துக்காக எத்தனை நடை நடக்க வைக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

போலீஸ்காரர்கள் வானத்திலிருந்து குதிப்பதில்லை. மைதானத்துக்கு ஆயிரம் பேரை அனுப்பினால் ஏதேதோ ஸ்டேஷன்களில் ஆயிரம் பேர் குறைவார்கள். விடிகாலையில் கம்பம் மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் அடைத்துச் செல்லப்படும் பெண்களின் வண்டி கவிழ்ந்தால், கூலியை மறித்துக்கொண்டவன் மீது புகார் கொடுக்கப் போனால், “எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், நாளைக்கு வா” என்ற பதில்தான் கிடைக்கும். வெயிலில் பத்து மணி நேரம் நிற்கும் அந்தக் கான்ஸ்டபிளும் நம் வீட்டுப் பிள்ளைதான். ஆட்டத்தில் வரும் லாபம் அவனுக்குமில்லை, நமக்குமில்லை.

“நாங்கள் வரி கட்டுகிறோமே, காவல் கொடுப்பது சர்க்காரின் கடமையல்லவா?” என்று சங்கத்து மகாராஜாக்கள் கேட்கலாம். நூலுக்கும் சோப்புக்கும் நாமும்தான் வரி கட்டுகிறோம். ஆனால் டிக்கெட் விற்று, விளம்பரம் விற்று, கூட்டத்தைத் தானே கூட்டுகிறவன், அந்தக் கூட்டத்தால் வரும் கூடுதல் செலவை மட்டும் ஊர்த் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பிரேமன் என்ற சிறு மாகாணம் 2014-ல் சட்டம் செய்தது. லாப நோக்கத்துடன் நடக்கும் நிகழ்ச்சி, 5,000 பேருக்கு மேல் கூடுவது, அடிதடி வரும் என்று எதிர்பார்க்கப்படுவது—இப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் கூடுதல் போலீஸ் செலவை நடத்துகிறவர்களே கட்ட வேண்டும். 2015 ஏப்ரலில் பிரேமனும் ஹாம்பர்க்கும் மோதிய கால்பந்து ஆட்டத்துக்காக 4 லட்சம் யூரோவுக்கு மேல் பில் போனது. கால்பந்து முதலாளிகள் கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார்கள். 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் பிரேமன் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

இதில் நாம் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய வார்த்தை “லாப நோக்கம்”. அதை விட்டுவிட்டு, கூட்டம் கூட்டுகிறவனெல்லாம் போலீசுக்குக் காசு கட்டட்டும் என்று கிளம்பினால் கத்தி நம் கழுத்துக்கே திரும்பும். இன்று கிரிக்கெட் வாரியத்துக்குப் பில். நாளை மில் வாசலில் நடக்கும் தர்ணாவுக்குப் பில்! பயம் வீணல்ல. வெள்ளைக்காரன் 1861-ல் போட்ட போலீஸ் சட்டத்தில் இரண்டுமே இருந்தன. கேட்கிறவன் செலவில் கூடுதல் போலீஸ் கொடுக்க 13-வது பிரிவு; கலகம் நடந்ததென்று சொல்லி ஓர் ஊரில் போலீசை இறக்கி, அந்தச் செலவை அவ்வூர் ஜனங்களிடமே வசூலிக்க 15-வது பிரிவு. 1920-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டுக் கொன்ற ஆட்சியின் சட்டம் அது.

பணம் கட்டிவிட்டால் போலீஸ் தன் ஏவலாள் என்று முதலாளி நினைக்கவும் இடம் தரக் கூடாது. 2025 ஜூன் 4-ல் பெங்களூரில், கோப்பை ஜெயித்த அணியின் கொண்டாட்டத்துக்கு வந்த 11 பேர் நெரிசலில் மாண்டார்கள். முறையான அனுமதி இல்லாமல் அணி நிர்வாகமே ஜனங்களை அழைத்ததுதான் காரணமென்று பின்னால் தீர்ப்பாயம் ஒன்று முதல்நோக்கில் கருத்துச் சொன்னது. எத்தனை பேர் வரலாம், எந்த வாசல் திறக்க வேண்டும் என்பதைச் சட்டப்படி போலீஸ்தான் முடிவு செய்ய வேண்டும். பணம் கட்டுகிறவன் அல்ல.

பணம் நேரே கஜானாவுக்குப் போகட்டும், ஆட்டத்துக்கு முன்பே. நின்ற கான்ஸ்டபிளுக்கு அதிலிருந்து கூடுதல் படி கிடைக்கட்டும். டிக்கெட் இல்லாமல் கண்மாய்க் கரையில் ஆடும் பையன்களிடமும், உண்டியல் குலுக்கிப் பந்தயம் நடத்தும் ஊர்ச் சங்கத்திடமும் ஒரு காசு கேட்கக் கூடாது. பம்பாயில் தள்ளிவிட்ட அந்தப் பாக்கியையும் வட்டியோடு வசூலிக்கட்டும்.